மூணு லைட்டு சாக்கெட் டெஸ்டர்: சில வருடம் கையில் வைத்திருந்து பார்த்ததில்

பிளக் பாயிண்ட்டில் செருகினால் மூன்று சின்ன லைட்டுகளில் எது எரிகிறது, எது எரியவில்லை என்பதை வைத்து ஒயரிங் சரியா தப்பா என்று காட்டும் சாக்கெட் டெஸ்டரை, கொரோனாவுக்கு முந்தைய வருடம் மதுரை சிம்மக்கல்லில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். வில்லாபுரத்தில் எங்கள் வீடு, செல்லூரில் அத்தை வீடு, சொந்தக்காரர்கள் வாடகைக்குப் போன வீடுகள் என்று எல்லா இடத்திலும் அதைச் செருகிப் பார்த்திருக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் கூடவே வோல்டேஜ் அளக்க ஒரு மல்டிமீட்டரும் வேண்டும்.

கசியும் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் இல்லாததைக் காட்டிக்கொடுப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. "ஃபிரிட்ஜத் தொட்டா சுருக்குன்னு ஏறுதுய்யா" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். செருகியதும் எர்த் லைட்டு வரவில்லை. மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினால், சாக்கெட்டின் மேல் பின்னில் பச்சை ஒயர் ஒழுங்காக முறுக்கியிருக்கிறது, மறுமுனை எதிலும் சேராமல் சுவருக்குள் சுருண்டு கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று ஓட்டையும் அழகாகத்தான் இருக்கும்.

கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அறுந்த இடத்திலும் நல்ல உதவி. கரண்ட் இருந்தால் எரியும் ஸ்க்ரூடிரைவர் மாதிரியான லைன் டெஸ்டரை வைத்தால் வலது, இடது இரண்டு ஓட்டையிலும் எரியும். "ரெண்டு ஃபேஸ் வருதுண்ணே" என்பார்கள். கரண்ட் கொண்டுவரும் ஒயரைத்தான் ஃபேஸ் என்கிறோம்; வருவது ஒரே ஃபேஸ்தான். அந்த லைனில் ஏதோ ஒரு ஃபேனோ டிவியோ ஆனில் இருக்க, அதன் வழியாகச் சுற்றிக்கொண்டு நியூட்ரல் ஒயருக்குத் திரும்பி வந்து நிற்கிறது. செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு சுவிட்சுகளையும் அணைத்தால், இடது ஓட்டையில் எரிவது நின்றுவிடும்.

இனி அது ஏமாற்றிய இடம். எங்கள் வீட்டுப் பின்கட்டில் மிக்சி மந்தமாகச் சுற்றியது, அயர்ன் பாக்ஸ் போட்டால் அந்த வரிசை லைட்டு மங்கியது. டெஸ்டரோ எல்லாம் சரி என்றே காட்டியது. மல்டிமீட்டரும் சும்மா வைத்தபோது 230 வோல்ட்டுக்குக் கிட்டத்தான் சொன்னது. 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஆன் செய்துவிட்டு, அதே லூப்பில், அதாவது ஒரு பாயிண்ட்டிலிருந்து அடுத்ததற்கு ஒயர் போகும் அதே வரிசையில், அடுத்த பாயிண்ட்டில் அளந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 205. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் குறையவே இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 25 வோல்ட்டுக்குக் கிட்ட ஏறியிருந்தது. அப்படியானால் கோளாறு ஃபேஸில் இல்லை, நியூட்ரல் ஒயரை முறுக்கிச் சேர்த்த ஜாயின்ட்டில்.

இங்கே கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 4 ஆம்பியர் ஓடும்போது 25 வோல்ட் ஓரிடத்தில் விழுகிறதென்றால், அந்த முறுக்கில் மட்டும் 100 வாட் சூடு. சுவர்ப் பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு எரிவது போல. அளவுக்கு மீறி கரண்ட் ஓடினால் விழும் எம்சிபி இதற்கு விழாது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை கரண்ட் அளவோடுதான் ஓடுகிறது. கரண்ட் கசிந்தால் விழும் ஆர்சிசிபியும் விழாது, கசிவு எதுவும் இல்லையே. எந்தப் பாதுகாப்பும் கவனிக்காத கோளாறு என்பதால்தான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

இடத்தைப் பிடிப்பது சுலபம். அயர்ன் பாக்ஸ் மாதிரி ஒரு லோடு லூப்பின் கடைசியில் ஓடட்டும். மெயின் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பாயிண்ட்டாக அளந்து வாருங்கள். எந்தப் பாயிண்ட்டில் முதலில் வோல்டேஜ் விழுகிறதோ, அதற்கும் முந்தைய பாயிண்ட்டுக்கும் நடுவில்தான் ஆள் ஒளிந்திருக்கிறான். எங்களுக்கு அது ஒரு சுவிட்ச் போர்டு; திறந்தால் கறுப்பு ஒயரின் உறை கருகி, டேப் உருகிப்போயிருந்தது. எலக்ட்ரீஷியன் கருகிய நீளத்தை வெட்டி, 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரைப் புதிதாக இழுத்து, ஸ்க்ரூ கனெக்டரில் இறுக்கிக் கொடுத்தார்.

டெஸ்டருக்குத் தெரியாதவை இன்னும் உண்டு. எர்த்தும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் தெரியாது. எர்த் கொண்டுவரச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்குக் கொடுத்துவிடுகிறார்களே, அதற்கும் "சரி" என்றே காட்டும். அந்த வீட்டில் நியூட்ரல் என்றைக்கு அறுகிறதோ, அன்றைக்கு ஃபிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட். லோடு ஓடும்போதும் நியூட்ரல்–எர்த் அளவு அசையாமல் பூஜ்யத்தில் நின்றால் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் ஒயர் மண்ணில் இறங்கும் எர்த் குழியின் தரமும் டெஸ்டருக்குத் தெரியாது. நம்மூர் கத்திரி வெயிலில் மண் வறண்டால் எர்த்தின் தடை ஏறும். சித்திரை, வைகாசியில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நாங்கள் விடுவதில்லை.

பொருளைப் பற்றி: பகல் வெளிச்சத்தில் லைட்டு மங்கலாகத் தெரிகிறது, கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். 6 ஆம்பியர் பின் என்பதால், 16 ஆம்பியர் சாக்கெட் மட்டும் உள்ள பழைய பாயிண்ட்டில் பொருந்தாது. மற்றபடி இன்றுவரை பழுதில்லை. போர்டைத் திறக்கும்போது மட்டும் இதையோ லைன் டெஸ்டரையோ நம்பி ஒயரைத் தொடாதீர்கள். மெயினை அணைக்கும் முன்பே, கரண்ட் இருக்கிற பாயிண்ட்டில் மல்டிமீட்டரை ஒருதரம் சரிபார்த்துக்கொண்டு, அணைத்த பிறகு மூன்று ஒயரையும் ஒன்றுக்கொன்று அளந்துவிட்டுக் கை வையுங்கள்.