ஜிடி86-க்கு எந்த டயர்: மலிவா, உயர்ரகமா?

டொயோட்டா ஜிடி86 2012-ல் வந்தபோது, அதில் மாட்டியிருந்த டயரைப் பார்த்துப் பலரும் குழம்பினார்கள். 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் காருக்கு 215/45 ஆர்17 அளவில் மிச்செலின் பிரைமசி எச்பி! எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்போன டொயோட்டா பிரியஸின் 17 அங்குலச் சக்கரத்துக்கும் போன டயர் அது. டொயோட்டா தெரிந்தேதான் அதைப் போட்டது. டயரின் பிடிப்பு அளவாக இருந்தால் மிதமான வேகத்திலேயே வளைவில் பின்பக்கம் இலேசாக நகரும், ஆக்சிலரேட்டரை வைத்தே அதைத் திருத்திக்கொண்டு போகலாம். இந்தக் காரை விரும்பி வாங்குபவர்கள் தேடும் சுகம் அதுதான்.

கம்பெனியே பிடிப்புக் குறைந்த டயரைத்தானே போட்டது, பிறகு எதற்குப் பணத்தைக் கொட்ட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். கோலாலம்பூரில் பழைய ஜிடி86 ஒன்றை வாங்கிய புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். முந்தைய உரிமையாளர் நான்கு சக்கரத்திலும் மலிவு டயர் போட்டிருந்தார். பார்க்கப் புதிது போலவே இருந்தது, பள்ளங்கள் ஆழமாக இருந்தன. வெயிலில் ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு மாலை மழையில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வட்டச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் ஐம்பதுக்குள்தான். ஸ்டியரிங்கில் எந்த மாற்றமும் இல்லை, டயர் முனகவும் இல்லை. திடீரென்று பின்பக்கம் மொத்தமாக வெளியே போய்விட்டது. காரின் மூக்கு தடுப்புச் சுவரைப் பார்த்து நின்றது. பின்னால் வண்டி வராததால் தப்பித்தேன்.

பிரைமசியும் வழுக்கும், ஆனால் சொல்லிவிட்டு வழுக்கும். பிடி தளரத் தளர கைக்கும் இருக்கைக்கும் தகவல் வரும், திருத்திக்கொள்ள ஒரு நொடியாவது கிடைக்கும். என்னிடம் இருந்த மலிவு டயர் அந்த நொடியைத் தரவில்லை. ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இப்போது இதைத்தான். மொத்தப் பிடிப்பு எவ்வளவு என்பது அதற்கு அடுத்தபடிதான்.

மறுநாள் டயர் கடையில், "அண்ணே, இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடுமே, ஏன் கழட்டுறீங்க?" என்று கேட்டார் வேலை செய்யும் தம்பி. பழைய டயரில் நகத்தை வைத்து அழுத்தினேன், பலகை மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த மிச்செலினின் உயர்ரக டயரான புதிய பைலட் ஸ்போர்ட்டில் அழுத்தினால் நகம் இலேசாகப் பதிந்தது. பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தையும் படித்துப் பார்த்தேன். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. தேயாமல் கிடந்ததை நான் நல்ல டயர் என்று நினைத்திருக்கிறேன். உண்மையில் ரப்பர் இறுகிப் போயிருந்தது. நியாயமாகச் சொன்னால், உயர்ரக டயரும் இத்தனை வயதானால் இறுகத்தான் செய்யும். அதனால் எந்த விலைக்கு வாங்கினாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி பிரேக். ஐரோப்பிய டயர் லேபிளில் ஈரப்பிடிப்புக்கு எழுத்துத் தரம் உண்டு. பழைய லேபிள் முறையில் ஏ தரத்துக்கும் எஃப் தரத்துக்கும் இடையே, 80 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்தால், நிற்கும் தூரத்தில் 18 மீட்டர் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று சொல்லப்பட்டது. அவ்வளவு கூட வேண்டாம். ஒரு கார் 30 மீட்டரிலும் இன்னொன்று 36 மீட்டரிலும் நிற்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் ஏறக்குறைய 33 கி.மீ. வேகத்தில் கடக்கும். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றால் அந்த ஆறு மீட்டரின் விலை என்ன?

மலிவு டயர்காரர்கள் பக்கச் சுவரில் உள்ள அமெரிக்கத் தரக் குறியீட்டைக் காட்டுவார்கள். டிராக்‌ஷனுக்கு, அதாவது ஈரத் தரைப் பிடிப்புக்கு, 'ஏ' என்று அச்சாகியிருக்கும். அது நேர்கோட்டில், ஈரத் தரையில் சறுக்கி நிற்கும் சோதனை மட்டுமே. வளைவில் எப்படிப் பிடிக்கும், தேங்கிய நீரில் மிதக்குமா என்பதை அந்த எழுத்து சொல்லாது. டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று அதே குறியீட்டில் காட்டும் தேய்மான எண்ணும் அப்படித்தான், அதை உற்பத்தியாளரே சோதித்துப் போட்டுக்கொள்கிறார். எனவே ஒரே பிராண்டின் டயர்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

மலிவு டயருக்கு நியாயம் இல்லாமல் இல்லை. உயர்ரக டயர் ஒன்றின் விலைக்கு இரண்டு வாங்கிவிடலாம். நகரத்துக்குள் மட்டும் நிதானமாக ஓடும் காருக்கு அது போதும் என்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். தேய்ந்து 2 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட உயர்ரக டயரை வைத்துக்கொண்டு மழையில் ஓட்டுவதைவிடப் புதிய மலிவு டயரே மேல், ஏனென்றால் தண்ணீரை வெளியேற்றப் பள்ளம் வேண்டும். ஆனால் காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் மழை கொட்டும்போது, அல்லது செப்பாங் பந்தயத் தளத்தில் ஒரு நாள் ஓட்டப் போகும்போது, மலிவு டயரை என் காரில் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன். பந்தயத் தளத்தில் சூடேறிய பிறகும் பிடியை விடாமல் இருக்க நல்ல ரப்பர் கலவை வேண்டும்.

பட்ஜெட் இடிக்கிறதா? நடுத்தர வகையைப் பாருங்கள். டோயோ, ஹான்குக், யோகோஹாமா மூன்றிலும் ஸ்போர்ட் டயர்கள் இருக்கின்றன, இந்த அளவில் விலை உச்சத்துக்குப் போகாது. இதே காரை வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அகலத்தைக் கூட்டவும் வேண்டாம். 215 மி.மீ. போதும், ஸ்டியரிங்கின் இலகு கெடாது. வேகக் குறியீடு டபிள்யூ, அதாவது மணிக்கு 270 கி.மீ. வரை தாங்கும் டயர், அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கையில் இரண்டு டயருக்கு மட்டும் காசு இருந்தால், கடையில் எது சொன்னாலும் புதிய ஜோடியைப் பின்னாலேயே போடச் சொல்லுங்கள். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.