எச்சரிக்கை: சர்வர் இணைப்பைச் சரிசெய்ய 18,500 ரூபாய் வாங்கியவர் சர்வரையே திறந்து போட்டுவிட்டுப் போனார்

ஃப்ரீலான்ஸ் ஆட்களை அமர்த்தித் தரும் ஒரு தளத்தின் வழியாக வந்தவரிடம் 18,500 ரூபாயைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். இதே போன்ற தளம் எதுவாக இருந்தாலும் கவனமாக இருங்கள்.

எங்கள் கோவை அலுவலகத்தில் உபுண்டு (லினக்ஸ்) சர்வர் ஒன்றில் கேவிஎம் என்ற மென்பொருளை வைத்து விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே கணினிக்குள் பல கணினிகளை, ஓட்டுகிறோம். கணக்கு எழுதும் டேலியும் அதற்குள்தான் இருக்கிறது. வீட்டிலிருந்து, இந்த மெஷின்களைக் கையாள உதவும் வெர்ட்-மேனேஜரைத் திறந்து, டிஎல்எஸ் (மறையாக்கப் பாதுகாப்பு) சான்றிதழோடு 16514 போர்ட் (இணைப்பு வாசல்) வழியாக இணைவது வழக்கம். சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகு, உள்ளே மெஷின்கள் ஒழுங்காக ஓடினாலும் வெளியிலிருந்து இணைய முயன்றால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்ற பதில்தான் வந்தது.

தளத்தில் ஐந்து நட்சத்திரத்தோடு நின்ற அந்த நபர், திரைப்பகிர்வில் வந்தவுடனேயே சர்வரின் லாகைத் (நிகழ்வுப் பதிவு) திறந்து, மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருளான லிப்வெர்ட்டின் பெயரைச் சரளமாகச் சொல்லி, "தினமும் இதே வேலைதான் சார், பயப்படாதீங்க" என்றார். சர்வரில் முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டார், பிறகு ரவுட்டர் பாஸ்வேர்டையும் கேட்டார். சிறிது நேரத்தில் என் லேப்டாப்பில் மெஷின்களின் பட்டியல் வந்து நின்றது. தளம் பிடித்து வைத்திருக்கும் தொகையை விடுவித்தால்தான் வேலை அறிக்கையை அனுப்ப முடியும் என்று அவர் பணிவோடு சொன்னதை நம்பி, 'பணி முடிந்தது' பொத்தானை அழுத்தினேன். 18,500 ரூபாய் அந்த நொடியிலேயே அவர் கணக்குக்குப் போய்விட்டது. அறிக்கை இன்றுவரை வரவில்லை.

மறுநாள் மாலை மின்சாரம் போய் சர்வர் மறுபடி எழுந்தபோது பழைய 'ரெஃப்யூஸ்டு' திரும்பிவிட்டது. அவரைக் கூப்பிட்டால், "நேத்து கனெக்ட் ஆச்சா இல்லையா சார்? பிங் வருதுல்ல? அப்போ உங்க நெட்தான் பிரச்சினை" என்றார். திரும்பப் பார்க்க வேண்டுமானால் இன்னொரு 6,000 ஆகும் என்றார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை. தளத்தின் உதவிப் பிரிவிடம் போனால், பணி முடிந்ததாக நானே உறுதிசெய்துவிட்டதால் தொகையைத் திரும்பத் தர விதியில் இடமில்லை என்ற ஒரே பத்தி வெவ்வேறு பெயர்களில் வருகிறது. கடைசியாக வந்த பதிலில், அவருக்கு மதிப்பெண் போடும்படி கேட்டிருந்தார்கள்!

சென்னையில் சர்வர் பராமரிக்கும் என் மைத்துனர், ரூட் கணக்கின் கட்டளை வரலாற்றைப் பார்த்து அந்த நபர் செய்தது என்னவென்று சொன்னார். 2019-இல் வந்த லிப்வெர்ட் 5.6 முதல் சாக்கெட்டைத் (இணைப்புகளை ஏற்கும் முனை) திறந்து காத்திருக்கும் வேலையை, சர்வரின் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி எடுத்துக்கொள்ள வழி வந்துவிட்டது. அப்படி அமைந்த சர்வரில் லிப்வெர்ட்டையே வெளி இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் பழைய லிசன் ஆப்ஷன் செல்லாது. டிஎல்எஸ் சாக்கெட்டை இயக்கிவைப்பதே முறையான தீர்வு. இவரோ சாக்கெட்டுகளை நிறுத்திவிட்டு, லிப்வெர்ட்டைக் கையால் ஓட்டிவிட்டிருக்கிறார். ரீபூட் ஆனதும் அது மறைந்துபோனது. அதோடு விட்டாரா? மறையாக்கமே இல்லாத 16509 போர்ட்டை 0.0.0.0 முகவரியில், அதாவது எல்லா நெட்வொர்க்குகளுக்கும், திறந்து, ரவுட்டரில் வெளியுலகுக்கு வழி விட்டு, ஃபயர்வாலை அணைத்து, அடையாளச் சரிபார்ப்பை 'நன்' (எதுவும் இல்லை) என்று மாற்றியிருக்கிறார். சோதனைச் சூழலுக்கு வெளியே இப்படிச் செய்யாதே என்ற குறிப்பு லிப்வெர்ட்டின் அமைப்புக் கோப்பில் அதே வரிக்கு நேர் மேலேயே இருக்கிறது. லிப்வெர்ட்டில் முழு அனுமதியோடு நுழைபவருக்கு ரூட் அதிகாரம் கிடைத்த மாதிரிதான் என்பதால், மின்சாரம் போகும்வரை எங்கள் கணக்குகள் ஊருக்கே திறந்து கிடந்திருக்கின்றன. மின்வெட்டுக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை.

மைத்துனர் சரிசெய்ய எடுத்துக்கொண்டது ஒரு காபி ஆறும் நேரம். இதற்கா 18,500 ரூபாய்?

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து பார்க்காமல் பணத்தை விடுவிக்காதீர்கள். ரூட் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று 'எஸ்எஸ்' கட்டளையால் பாருங்கள், ரவுட்டர் பக்கத்தையும் திறந்து பாருங்கள். முடிந்தவரை, மறையாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்ஹெச் வழியாகவே இணையுங்கள்.

18,500 ரூபாய்க்காகத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். அந்த நபர் இன்னமும் ஐந்து நட்சத்திரத்தோடு தளத்தில்தான் இருக்கிறார்.