பட்டா, நெல், ஐஸ் பெட்டி: ஊர் இளைஞர் மன்றத்தோடு ஒரு தை மாதம்

சிங்கப்பூரில் இருந்து ஊருக்குப் போய் வந்தால் விமான நிலையம் எப்படி, சாலை எப்படி என்றுதான் முதலில் கேட்பார்கள். அதை முடித்துவிடுகிறேன். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த திருச்சியின் புது முனையம் விசாலமாக இருக்கிறது, குடிநுழைவு வரிசையும் வேகமாக நகர்ந்தது. தஞ்சாவூர், மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி வரை பெரிய குறை இல்லை. அங்கிருந்து முத்துப்பேட்டை பக்கம் போய் எங்கள் கிராமத்துக்குத் திரும்புகிற சாலை மட்டும் பழையபடியே.

நான் போனது பொங்கலுக்காக மட்டும் இல்லை. அப்பா இறந்து ஒரு வருஷம் நெருங்குகிறது, நிலப் பட்டா இன்னும் அவர் பெயரிலேயே கிடந்தது. அம்மாவுக்கு ரேஷன் கடையில் கைரேகை பதிவதில்லை. சம்பா அறுவடையும் அதே நேரத்தில். அண்ணன் சென்னையில் இருந்து இரண்டு நாள் எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆக, நான் அலைந்த இடமெல்லாம் கூட அலைந்தவர்கள் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்துப் பையன்கள்.

மன்றம் என்றால் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. கேரம் போர்டு, சுவரில் வரிசையாகத் தலைவர்கள் படம், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். கபடிக் குழுவாக ஆரம்பித்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்க வசதியாக இருக்குமென்று பிறகு சங்கமாகப் பதிவு செய்தார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் நின்று பேசினால் வீட்டில் திட்டு விழும். இப்போதும் உள்ளே போய் உட்கார எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அது தெரிந்தோ என்னவோ, நாற்காலியை வாசலில் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கக்கா, காகிதத்தைக் காட்டுங்க" என்றான் கணினி பார்க்கிற தம்பி.

பட்டா விஷயத்தில் அவன் சொன்ன வரிசை இது. முதலில் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் இருவரும் விசாரித்த பிறகு தாசில்தார் ஒப்புதல் தருவார். அது கையில் வந்த பிறகே பட்டா மாறுதல். நிலத்தைப் பங்கு பிரித்து உட்பிரிவு கேட்டால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். இப்போதைக்கு வாரிசுகள் எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா போட்டுக்கொண்டால் அளவை இல்லாமல் முடியும். இதெல்லாம் அரசு இணையதளத்திலேயே இருக்கிறது, வெளிநாட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கவும் முடியும். ஆனால் நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் இறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவன்தான் பார்த்தான். இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, அப்பாவின் பழைய ஆவணங்களின் நகலோடு சேர்க்கச் சொன்னான். அதைச் சேர்க்காமல் அனுப்பியிருந்தால் விண்ணப்பம் திரும்பி வந்திருக்கும், நான் சிங்கப்பூரில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் ஒரு பெரியவர், "பொண்ணு பேரு எதுக்கு, பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா சுலபமா முடிஞ்சிடும்" என்று இழுத்தார். மன்றத்துத் தம்பி முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "வாரிசுச் சான்றுல அக்கா பேரு கண்டிப்பா வரும் தாத்தா, அப்புறம் என்ன பண்றதுன்னு அவங்க குடும்பம் முடிவு பண்ணட்டும்" என்றான். பெரியவர் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்காகவே மன்றத்துக்கு நன்கொடை கொடுக்கலாம்.

ரேஷன் வேலை சுருக்கமாக முடிந்தது. வயதானவர்களுக்குப் பதில் வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் உண்டு. 2025 ஆகஸ்டில் இருந்து முதியோர் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டமும் இருக்கிறது. அம்மாவுக்கு எது பொருந்தும் என்று பார்த்து எழுதிக் கொடுத்தார்கள்.

நெல்தான் பெரிய கதை. எங்கள் பகுதி கடைமடை, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கடைசியில் எங்களுக்கு வர வேண்டும். வழக்கமாக ஜூன் 12இல் அணை திறப்பார்கள். 2024இல் ஜூலை 28இல்தான் திறந்தார்கள், அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களுக்குக் குறுவைச் சாகுபடியே இல்லை. அணை நேரத்தோடு திறந்தாலும் வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தால் எங்கள் மடைக்குத் தண்ணீர் ஏறாது. பெரிய வாய்க்கால்களை அரசு தூர்வாரும். வயலுக்குப் பக்கத்தில் ஓடும் சின்ன வாய்க்கால்களுக்குப் பல வருஷம் முறை வராது. அதை மன்றத்துப் பையன்கள் வைகாசி வெயிலில் இறங்கி அரிவாளும் மண்வெட்டியுமாக வெட்டுகிறார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைத்து. ஆள் வராத வீடு கூலி கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்தோம்.

விளைந்த பிறகும் நிம்மதி இல்லை. அரசின் நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மத்திய அரசு தளர்வு கொடுத்தால் உண்டு, அதற்குள் நெல் முளைத்துவிடும். தை மாதத்தில் ஒரு மழை வந்தது. சாலையோரம் கொட்டிக் கிடந்த நெல்லுக்கு ராத்திரியில் மன்றத்தில் இருந்து படுதா வந்தது. அறுவடைக் காலத்துக்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்கள். யார் முதலில் கொட்டினார்கள், யாருக்கு எந்த வரிசை என்று ஒரு நோட்டில் எழுதுகிறார்கள், அதனால் சண்டை குறைகிறது. லாரி வரவில்லை என்றால் அடுக்கிய மூட்டை நகராது, நகராவிட்டால் புது நெல்லை எடைபோட மாட்டார்கள், இந்தச் சங்கிலியைப் பிடித்து யாருக்குப் போன் அடிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எடை 40 கிலோ மூட்டைக் கணக்கு, பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் நான் போன நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு கேள்வி வந்தது. மன்றத்தால் அதை நிறுத்த முடியவில்லை. பேசிக் குறைத்தார்கள், அவ்வளவுதான். இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் கஜா புயலுக்குப் பிறகு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. வெளியூர் வண்டிகள் பெரிய சாலையோடு நின்றுவிட, உள்ளே தண்ணீரும் அரிசியும் கொண்டு போனது கபடி விளையாடிக்கொண்டிருந்த இதே பையன்கள். சிங்கப்பூரில் நாங்கள் சேர்த்து அனுப்பிய பணத்தில் மரம் அறுக்கும் இயந்திரமும் ஒரு ஜெனரேட்டரும் வாங்கினார்கள். அந்த ஜெனரேட்டரைத் தெருத் தெருவாக இழுத்துப் போய் மோட்டார் ஓட்டித் தொட்டிகளை நிரப்பினார்கள். அப்போதுதான் நாற்காலி, பந்தல் துணி, பாத்திரம் எல்லாம் பொதுவில் சேர்ந்தது. இறந்தவர் உடலை வைக்கிற ஐஸ் பெட்டி அதற்கு அடுத்து வந்தது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளுக்கு அந்தப் பெட்டியின் அருமை தெரியும். முன்பெல்லாம் டவுனில் இருந்து வாடகைக்கு வர வேண்டும், ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால் அதுவும் கிடைக்காது. அப்பா இறந்த மறுநாள்தான் நான் வந்து சேர முடிந்தது. முகம் பார்த்தேன். வாடகை கேட்டதற்கு, "கரண்டு மட்டும் உங்க வீட்டுதுக்கா" என்றார்கள்.

குறையும் உண்டு. ஆதிதிராவிடர் தெருவுக்குத் தனி மன்றம். கஜாவில் இரண்டும் ஒன்றாக நின்றன, திருவிழா என்றால் மறுபடி தனித்தனி. மன்றத்தில் ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. இ-சேவை வேலையை அவர்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய, கல்லூரி முடித்த பெண்கள் அதே தெருவில் வீட்டில் இருக்கிறார்கள். கேட்டதற்குச் சிரித்தார்கள். தேர்தல் நெருங்கினால் கொட்டகைச் சுவரில் யார் படம் முதலில் என்பதற்கே ஒரு தகராறு நடக்குமாம்.

நம் பக்கத்துக் குறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் அலங்கார வளைவு, கோப்பை, பெயர் அச்சடித்த பனியன் இவற்றுக்கு. ஐஸ் பெட்டியின் கம்ப்ரஸர் பழுதாகி மாதக்கணக்கில் கிடந்தபோது வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார்கள், கட்டைவிரல் படம் நிறைய வந்ததாம், பணம் வரவில்லை. பெயர் போட இடமில்லாத செலவு நமக்குக் கண்ணில் படுவதில்லை போலிருக்கிறது. நான் படுதாவுக்கும் பெட்டியின் பழுதுக்கும் என்று சொல்லியே கொடுத்தேன். ரசீது கொடுத்தார்கள், வரவு செலவைக் குழுவிலும் போட்டார்கள்.

நிலவேலையாக ஊருக்குப் போகிறவர்கள், கிளம்பும் முன்பே சிட்டா, இறப்புச் சான்று, ஆதார் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் ஊர் மன்றத்தில் கணினி தெரிந்த பையன் யார் என்று விசாரித்துவிடுங்கள்.

எங்கள் வாரிசுச் சான்று வந்துவிட்டது. பட்டா விண்ணப்பம் வருவாய் ஆய்வாளரிடம் இருப்பதாகப் போன வாரம் தம்பி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி: அவனுக்குக் குவைத் விசா வந்துவிட்டதாம், அடுத்த மாதம் கிளம்புகிறான். இனி யாரைக் கேட்பது என்றேன். ஒரு பதினெட்டு வயதுப் பையனின் எண்ணை அனுப்பி, "இவன் பாத்துப்பான்க்கா, பாஸ்வேர்டெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன்" என்று போட்டிருந்தான்.