மெர்ட்ஸா, கோஸ்டா: ரெண்டு வாரம் கிட்டாரைத் தொடலன்னா எது கையில நிக்கும்?

வேலை, குடும்பம் எல்லாத்துக்கும் நடுவுல கிளாசிகல் கிட்டார் வாசிக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல ஒரே இடத்துல வந்து நிப்போம். சோர்ங்கிற பழைய கிட்டார் இசையமைப்பாளரோட எடியூட் (பயிற்சி பீஸ்) கொஞ்சம், கார்காஸியோட ஓபஸ் 60-ல (ஓபஸ்னா படைப்பு எண்) பாதி, டாரெகாவோட லாக்ரிமா, அடெலிட்டா, அவ்வளவுதான், அதுக்கு மேல என்ன எடுக்கிறதுன்னே தெரியாது. நாங்க நண்பர்கள் நாலு பேரு, மாசத்துக்கு ஒருத்தர் அதிகம் பேர் வாசிக்காத ஒரு பீஸைத் தேடிப் பிடிச்சு வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி ஸ்கோரோட மத்தவங்களுக்கு அனுப்பணும்னு வெச்சுக்கிட்டோம். அப்படித் தேடுறப்போ ரெண்டு இசையமைப்பாளர் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்துச்சு, யோஹான் காஸ்பர் மெர்ட்ஸ், நப்போலியன் கோஸ்ட். முதல் வருஷம் முழுக்க மெர்ட்ஸ், அடுத்த வருஷம் முழுக்க கோஸ்ட்னு வாசிச்சுப் பாத்துட்டு நான் இப்போ கோஸ்ட் பக்கம் வந்துட்டேன். ஏன்னு சொல்றேன்.

ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆளுங்க. மெர்ட்ஸ் 1806-ல இன்னைக்கு பிராட்டிஸ்லாவான்னு சொல்ற ஊர்ல பொறந்து வியன்னாவுல வாழ்ந்தவர், கோஸ்ட் 1805-ல பிரான்ஸ்ல பொறந்து பாரிஸ் வந்து சோர்கிட்டயே கத்துக்கிட்டவர். ரெண்டு பேரும் நேருக்கு நேர் போட்டியிலயும் இருந்திருக்காங்க. 1856-ல மக்காரோவ்ங்கிற ரஷ்ய கிட்டார் கலைஞர் பிரஸ்ஸல்ஸ்ல கிட்டாருக்குன்னு ஒரு இசையமைப்புப் போட்டி வெச்சாரு, அதுல முதல் பரிசு மெர்ட்ஸோட கான்செர்டினோவுக்கு, ரெண்டாவது கோஸ்டோட ஓபஸ் 30 கிராண்ட் செரனேடுக்கு. ஆனா முடிவு வர்றதுக்கு முன்னாடியே மெர்ட்ஸ் இறந்துட்டாரு, 50 வயசுதான். இதைப் படிச்ச அன்னைக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

மெர்ட்ஸ்ல எல்லாரும் முதல்ல போறது ஓபஸ் 13 பார்டென்க்ளெங்கேதான், நம்ம பாஷையில சொன்னா பாணர் இசை. சின்னச் சின்ன பீஸா நிறைய இருக்கு, ஆன் மால்வினா, ரொமான்ஸே, ஆபெண்ட்லீட், உன்ரூஹே, டாரண்டெல்லேன்னு. கேட்டீங்கன்னா கிட்டார் மாதிரியே இருக்காது, பியானோ மாதிரி இருக்கும், மேல ஒரு பாட்டு, நடுவுல ஆர்பெஜியோ (கார்டோட சுரங்களை ஒண்ணொண்ணா எடுக்கிறது) ஓடிக்கிட்டே இருக்கும், கீழ பாஸ். அவரோட மனைவி ஜோசஃபின் பியானோ கலைஞர், 1846-ல மருந்து அளவு மீறிப்போய் இவர் படுத்த படுக்கையா கிடந்தப்போ அவங்க வாசிச்சதைக் கேட்டுக்கேட்டுத்தான் இந்த பாணி வந்துச்சுன்னு சொல்வாங்க. அது எந்த அளவுக்கு உண்மையோ, வாசிக்கிறப்போ பியானோவை நினைச்சுக்கிட்டு வாசிச்சா நல்லா வருது, மோதிர விரல்ல மேல் சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி எடுத்துட்டு மத்த விரலெல்லாம் மெதுவா. கேக்கிறவங்களுக்கும் உடனே பிடிச்சிரும், நான் அனுப்பின ரெக்கார்டிங்லயே அதிகமா பாராட்டு வாங்கினது மெர்ட்ஸ்தான்.

ஸ்கோர் கிடைக்கிறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. ஸ்டாக்ஹோம் நூலகத்துல இருக்கிற போயே (Boije) தொகுப்பு, கோபன்ஹேகன்ல இருக்கிற ரிஷல் - பிர்கெட்ஸ்மித் தொகுப்பு ரெண்டையும் ஸ்கேன் பண்ணி இலவசமா போட்டிருக்காங்க, 19-ம் நூற்றாண்டு அச்சுப் பிரதியே அப்படியே இருக்கு. கண்ணுக்குக் கொஞ்சம் சிரமம், பழகிரும்.

சரி, எனக்கு முடிவு பண்ணிக் கொடுத்த விஷயத்துக்கு வர்றேன். ஒரு பீஸைக் கத்துக்கிறது ஒரு வேலை, அதைக் கையில வெச்சுக்கிறது இன்னொரு வேலை, நம்மள மாதிரி ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் கிடைச்சாலே பெருசுங்கிறவங்களுக்கு ரெண்டாவதுதான் உண்மையான கஷ்டம். மெர்ட்ஸோட டாரண்டெல்லேயை மூணு மாசம் உக்காந்து மெட்ரோனோம்ல (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 84 தட்டுல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி 112 வரைக்கும் கொண்டு வந்தேன். அப்புறம் வேலை விஷயமா 16 நாள் கிட்டாரைத் தொடல. திரும்பி வந்து வாசிச்சா 90-லயே வலது கை கட்டை மாதிரி நிக்குது, சுரமெல்லாம் ஞாபகம் இருக்கு, இடது கை சரியான இடத்துக்குத்தான் போகுது, ஆனா வலது கையில அந்த ஓட்டம் இல்ல. அதை மறுபடி மேல கொண்டு வர மூணு வாரம். ஒரு தடவைன்னா பரவால்ல, அந்த வருஷத்துல நாலு தடவை இதே கதை, உன்ரூஹேயும் அதே மாதிரிதான். புதுசா ஒண்ணும் எடுக்க முடியாம பழசைத் தூக்கி நிறுத்துறதுலயே நேரம் போச்சு.

கோஸ்ட் அப்படி இல்ல. அவர்கிட்ட கஷ்டம் வேகத்துல இல்ல, குரல்கள்ல இருக்கு, அதாவது ஒரே நேரத்துல தனித்தனியா ஓடுற மெட்டுகள்ல. மேல ஒரு சுரம் ஒலிச்சுக்கிட்டே இருக்கும், சுண்டு விரல் அதை அழுத்திப் பிடிச்சிருக்கும், அதுக்குக் கீழ நடுக்குரல் ரெண்டாவது விரல்லயும் மூணாவது விரல்லயும் நகரும், அதே நேரத்துல பாஸும் மாறும். சுண்டு விரலை ஒரு நொடி முன்னாடி எடுத்தீங்கன்னா பாட்டு அந்த இடத்துல அறுந்துரும். ஆரம்பத்துல ஓபஸ் 51-ல இருக்கிற பார்க்கரோலை எடுத்து ஒரு பக்கத்துக்கு ஒரு மாசம் ஆச்சு, ஏன் இவ்ளோ நேரம் ஆகுதுன்னு எரிச்சலா கூட இருந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா ஒவ்வொரு குரலையும் தனியா பாடிப் பாத்தேன், பாஸ் மட்டும் வாசிச்சுக்கிட்டு மேல் குரலை வாயில, அப்புறம் மாத்தி. கோஸ்ட் சுரக் குறிகளோட தண்டுகளை மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு பிரிச்சே எழுதியிருக்கிறதால எது எந்தக் குரல்னு ஸ்கோரைப் பாத்தாலே தெரியும். அப்படி ஒரு தடவை காதுல ஏறிருச்சுன்னா அது போகவே மாட்டேங்குது. இதுக்கும் நடுவுல ரெண்டு வாரம் இடைவெளி வந்துச்சு, திரும்பி வந்த முதல் நாள் தடுமாறிச்சு, மூணாவது நாள் பழைய மாதிரி வந்துருச்சு. விரல் மறந்த இடத்துல காது எடுத்துக் கொடுக்குது, அடுத்து நடுக்குரல் இறங்கணும்னு தெரியும்ல, விரல் தன்னால அங்க போயிரும். இன்னைக்கு கோஸ்டோட எட்டு பீஸ் எந்த நேரத்துல கேட்டாலும் வாசிப்பேன், மெர்ட்ஸ்ல ஒரு வருஷம் போட்டும் ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல நின்னதில்ல.

கோஸ்ட்ல ஒரு இடைஞ்சல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அவர் வாசிச்சது ஏழு கம்பி கிட்டார், லக்கோட்ங்கிற கிட்டார் செய்றவர் செஞ்சது, அந்த ஏழாவது கம்பியைப் பெரும்பாலும் கீழ் டி (D) சுரத்துக்கு வெச்சு எழுதியிருக்காரு. நம்ம ஆறு கம்பியில ரெண்டு வழி இருக்கு. அந்த டி-யை ஒரு ஸ்தாயி மேல நாலாவது கம்பியில எடுத்துக்கலாம், இல்ல ஆறாவது கம்பியை டி-க்கு இறக்கலாம், ஆனா இறக்கினா ஆறாவது கம்பியில எஃப் மூணாவது ஃப்ரெட்டுக்கும் ஜி அஞ்சாவதுக்கும் போயிரும், அப்போ பல இடங்கள்ல கை எட்டாது. நான் பெரும்பாலும் மேல எடுத்துக்கிறேன், முடிவுல வர்ற டி மட்டும் கொஞ்சம் கனம் குறைஞ்சு கேக்கும். மெர்ட்ஸும் எட்டு கம்பி, பத்து கம்பியெல்லாம் வாசிச்சவர்தான், ஆனா பார்டென்க்ளெங்கேல நான் வாசிச்ச வரைக்கும் இந்தத் தொல்லை பெருசா வரல.

நான் சொல்றது சின்ன பீஸை வெச்சு மட்டும்தான். மெர்ட்ஸோட பெரிய ஃபேண்டஸி, ஆபெரா மெட்டுகளை வெச்சு எழுதினதெல்லாம் நான் தொட்டதில்ல, கோஸ்டோட லெ தெபார், லா சூர்ஸ் து லீசோன் மாதிரி நீளமானதையும் கேட்டிருக்கேன், வாசிச்சதில்ல, அங்கெல்லாம் கணக்கு மாறலாம். அதே மாதிரி வலது கை இயல்பாவே வேகமா இருக்கிறவங்களுக்கு என் பிரச்சனையே வராது, எங்க நாலு பேர்ல ஒருத்தி அப்படித்தான், அவ இன்னும் மெர்ட்ஸ்தான் வாசிக்கிறா, ரொம்ப அழகா வாசிக்கிறா. மெர்ட்ஸ் வேணும், ஆனா நேரம் இல்லைங்கிறவங்க வேகமானதை விட்டுட்டு ரொமான்ஸே, ஆபெண்ட்லீட் மாதிரி நிதானமானதை மட்டும் எடுத்துக்கலாம், அது ரெண்டும் எனக்கு இப்பவும் பாதிக்கு மேல கையில இருக்கு.

கோஸ்ட்ல ஆரம்பிக்கிறவங்க நேரா ஓபஸ் 38-க்குப் போயிராதீங்க. அந்த 25 எடியூடும் அவர் எழுதினதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா கை அதுக்குத் தயாரா இருக்கணும். ஓபஸ் 51-ல மூணு நாலு பீஸ் முடிச்சிட்டுப் போனா அந்தக் குரல் பிடிச்சுவைக்கிற பழக்கம் வந்திருக்கும். நான் இப்போ ஓபஸ் 38-ல நடுவுலதான் இருக்கேன், சில இடத்துல அச்சுல இருக்கிற விரல் எண் என் கைக்குப் பொருந்தல, சின்னக் கை எனக்கு, அதனால நானே மாத்தி எழுதி வெச்சிருக்கேன். யாராவது இதை வாசிச்சிருந்தா உங்க விரல் எண்ணையும் சொல்லுங்க, என்னோடதை நான் அனுப்புறேன்.