உம்லாங்கா சுறா அறுப்பு விளக்கம்: வகுப்போடு போகலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் உள்ள குவாசுலு-நட்டால் ஷார்க்ஸ் போர்டு, கடலில் குளிப்பவர்களைக் காக்கப் போடும் வலையில் சிக்கி இறந்த சுறாவைப் பார்வையாளர் கண்முன்னே அறுத்துக் காட்டுகிறது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வகுப்புகள் அரை நாளில் போய்வரலாம். சுறாவின் உடலைப் புரியவைக்க அருமையான இடம். ஆனால் கடலில் அதற்கு என்ன வேலை என்பது மேசைமேல் கிடக்கும் உடலைப் பார்த்தால் தெரியாது. அந்தப் பாதி ஆசிரியர் பொறுப்பு.

முன்வரிசையில் உட்காருங்கள். வயிற்றைக் கீறியதும் முதலில் கண்ணில் படுவது கல்லீரல். சில இனங்களில் உடல் எடையில் கால் பங்கு வரை அதுவே இருக்கும். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. கல்லீரலில் நிறைந்த, தண்ணீரைவிட லேசான எண்ணெய்தான் அது மூழ்காமலிருக்கப் பெரிதும் உதவுகிறது. அடுத்து, குடலை நீளவாக்கில் பிளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே சுழல் படிக்கட்டு போல மடிப்பு ஓடும். குட்டையான குடலிலேயே உணவு அதிக நேரம் தங்கிச் செரிக்க வழி அது. தோலைத் தொட விட்டால் தலையிலிருந்து வாலுக்குத் தடவிவிட்டு, பிறகு எதிர்த்திசையில் தடவட்டும். முதலில் வழவழப்பு, அப்புறம் உப்புத்தாள். தோலெங்கும் பல் போன்ற நுண்செதில்கள் பின்னோக்கிப் படிந்திருப்பதே காரணம்.

வாடைக்குப் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுறாப் புட்டு செய்யும் வீடுகளுக்கு அது பழகிய வாடை. சுறா ரத்தத்திலும் தசையிலும் யூரியாவைத் தேக்கித்தான் கடல் உப்பைச் சமாளிக்கிறது. செத்தபின் அது அம்மோனியாவாகிறது. இதை முன்னாடியே சொல்லிவைத்தால் மூக்கைப் பொத்துகிறவர்களும் கவனிப்பார்கள். விளக்கம் ஆங்கிலத்தில் என்பதால் செவுள் பிளவு, குருத்தெலும்பு, துடுப்பு என்று பத்துச் சொற்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலோர் தவறாக நினைப்பது வலையைப் பற்றி. அது கடலை அடைக்கும் வேலி இல்லை. ஒரு வலை 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். போடும் இடத்தில் கடலாழமோ 10 முதல் 14 மீட்டர். கணக்குத் தாளில் 1 செ.மீ. = 1 மீட்டர் என்று வைத்து 14 செ.மீ. கடலும் 6 செ.மீ. வலையும் வரையச் சொல்லுங்கள். சுறா எங்கே நுழையும் என்று அவர்களே காட்டுவார்கள். கரைப் பக்கமிருந்து திரும்பும் சுறாவும் இதில் மாட்டுகிறது. வலை சுறாவைப் பிடித்துக் கொல்வதால்தான் ஆபத்து குறைகிறது. ஆமை, டால்பின், திருக்கையும் கூடவே சாகின்றன. மேசைமேல் கிடக்கும் சுறா எப்படி அங்கே வந்தது என்பதை மறைக்காமல் பேசுங்கள். 1957 டிசம்பரிலிருந்து 1958 ஈஸ்டர் வரை இந்தக் கரையில் ஐந்து பேர் சுறாவால் இறந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

திரும்பி வந்தபின் ஒரு பாடம் கட்டாயம் வேண்டும். கேப் டவுன் பக்கம் ஃபால்ஸ் பேயை எடுங்கள். வெள்ளைச் சுறா அங்கே காணாமல்போனபின் சீல்களும் (கடல்நாய்) ஏழு செவுள் சுறாக்களும் அதிகமாகத் தென்பட்டன. இவை தின்னும் மீன்களும் சிறு சுறாக்களும் குறைந்தன. பலகையில் உணவு வலையை வரைந்து வெள்ளைச் சுறாவை மட்டும் அழியுங்கள். அடுத்து எது கூடும், எது குறையும் என்று மாணவரே அம்புக்குறி போடட்டும்.

பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அறுப்பு வேண்டாம். காட்சி நாளும் நேரமும் மாறும். போனில் உறுதி செய்தபிறகே பஸ் பேசுங்கள்.