உபுண்டு 24.04: தக்கலை டிடிபி கடையில் ஏற்றிய கதை

தக்கலையில் கல்யாண அழைப்பிதழும் திருவிழா நோட்டீஸும் அடிக்கிற சின்ன டிடிபி கடை எங்களுடையது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு ஸ்கேனர். எல்லை மாவட்டம் அல்லவா, ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் மலையாளமும் கேட்கிறவர்கள் நிறைய.

கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருளான உபுண்டுவின் 24.04 பதிப்பு வெளியானது 2024 ஏப்ரல் 25. நான் ஏற்றியது செப்டம்பர் 29. அந்த ஐந்து மாதமும் வேண்டுமென்றே காத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்பு, ஆவணி முகூர்த்த நெருக்கடியில், வேறொரு மென்பொருளின் புதுப் பதிப்பை வந்த அன்றே ஏற்றினேன். அதன்பிறகு பிரிண்டர் அசையவில்லை. புரூஃப் பார்க்கக் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெண்ணின் அப்பா சாயங்காலம் வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கோபித்துப் பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

உபுண்டு நம்மை அவசரப்படுத்துவதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். பழைய 22.04-க்கு 2027 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. அதை வைத்திருப்பவர்களுக்கு, 'புதுசுக்கு மாறலாம்' என்ற அறிவிப்பே முதல் திருத்தப் பதிப்பான 24.04.1 வந்த பிறகுதான் வரும். அது ஆகஸ்ட் 29-இல் வந்தது. அப்போதும் மாற்றுகிற கருவியில் ஒரு பிழை தெரிந்து, கொஞ்ச நாள் நிறுத்திவைத்துச் சரிசெய்தார்கள். எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஆவணியும் ஓணமும் அதற்குள் கழிந்துவிட்டன.

ஏற்றுவதற்கு முன்பு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்கில் கை வைக்க வேண்டியதில்லை. போன வருடம் அடித்த கோயில் நோட்டீஸ் ஒன்றைத் திறந்தால், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது! நோட்டீஸ் தட்டச்சு செய்கிற லிப்ரே ஆஃபீஸ் மென்பொருள் 7.3-இலிருந்து 24.2-க்குத் தாவியிருக்கிறதே, அதனாலோ என்று பயந்தேன். (24.2 என்ற எண் வருடத்தையும் மாதத்தையும் குறிப்பது, அவ்வளவுதான்.) பார்த்தால், எங்கள் ஃபான்ட் பென்டிரைவில் இல்லை. அதைப் போட்டதும் வரி பழைய இடத்துக்கு வந்தது. பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்துவைத்து ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். ஸ்ரீ, கொம்பு, மலையாளச் சில்லெழுத்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தின. அதற்கப்புறம்தான் நாள் குறித்தேன்.

பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு. புரட்டாசி, முகூர்த்த வேலை குறைவு. எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு, மதிய இடிமழை வருவதற்குள் முடிய வேண்டுமென்று காலை ஆறரைக்கே ஆரம்பித்தேன். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும். இன்னொன்றைக் கிறிஸ்துமஸ் வேலை முடிந்து, ஜனவரி முதல் வாரத்தில்தான் தொட்டேன். ஸ்கேனரை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது.

எங்கள் வேலைக்குப் புதிதாகப் பெரிய வசதி ஒன்றும் இதில் கிடைக்கவில்லை. ஆனால் 2029 வரை கவலையில்லை, ஒரு ஆர்டரும் தள்ளிப்போகவில்லை. தாராளமாக மாறலாம். முகூர்த்த மாதத்தில் மட்டும் வேண்டாம்.

இதற்குப் பிந்திய பதிப்பான 26.04-க்கு மாறுவதும் அதன் முதல் திருத்தப் பதிப்பு (.1) வந்து, ஓணம் கழிந்த பிறகுதான். அந்தக் கோயில் நோட்டீஸை அதற்காகவே மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.