மகளின் இரண்டு இனிஷியலும் அவனுக்குத் தெரிந்திருந்தது

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் வைத்திருக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். 18,500 ரூபாய் போனதைவிட, அது போன வழிதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2025 ஏப்ரல் கடைசி வாரம். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்திருந்த நேரம். எங்கள் பகுதிக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒரு கோச்சிங் சென்டர் ‘திறனறித் தேர்வு’ நடத்தியது. கட்டணம் 200 ரூபாய். நன்றாகச் செய்தால் ப்ளஸ் ஒன் கோச்சிங்கில் பீஸ் குறைப்பார்கள் என்று அவள் வகுப்பில் பாதிப் பேர் போனார்கள். நானும் ஆபீஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

தேர்வு முக்கால் மணி நேரம்தான். அதற்கு முன்னால் நிரப்பச் சொன்ன படிவம் இரண்டு பக்கம். பெயர், பிறந்த தேதி, பள்ளி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் மாணவருக்கு இருக்கும் எண்), பொதுத்தேர்வுப் பதிவெண், அப்பா அம்மா வேலை, ஆண்டு வருமானம், சாதி, இரண்டு மொபைல் நம்பர். பதிவெண் எதற்கு என்று கேட்டேன். “ரிசல்ட் வந்ததும் நாங்களே பார்த்துட்டு உங்களுக்குச் சொல்லிடுவோம் மேடம்” என்றாள் அங்கிருந்த பெண். அக்கறையாகச் சொல்வது போலத்தான் இருந்தது. கடைசியில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிச் சான்றிதழில் மகளுக்கு அப்பா இனிஷியல் மட்டும்தான். ஆனால் அவளுக்கு என் இனிஷியலையும் சேர்த்து எழுத ஆசை. அன்றைக்கு அந்தப் படிவத்தில் அவளே இரண்டு இனிஷியலும் போட்டு எழுதினாள். வேறு எந்த இடத்திலும் அவள் பெயர் அப்படிப் பதிவாகவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து போன் ஓயவில்லை. பாலிடெக்னிக், தனியார் பள்ளி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு, ஹோம் டியூஷன். எல்லாருக்கும் அவள் பெயர் தெரியும். எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் வருகிற போன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் ஒரு சாயங்காலம் அந்தப் போன் வந்தது. “அம்மா, கல்வி உதவித்தொகைப் பிரிவுல இருந்து பேசறேன்மா.” மகளின் பெயரை இரண்டு இனிஷியலோடு சொன்னான். பள்ளி, எமிஸ் எண், அவள் எடுத்த மதிப்பெண், எங்கள் வருமானம் என்று வரிசையாகச் சொன்னான். உங்கள் வருமானத்துக்கு 28,000 ரூபாய் உதவித்தொகை வந்திருக்கிறது, இன்றைக்கு முடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்றான். வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்தது. ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் ஏறும் என்றான். போட்டேன். 9,250 போனது. “எரர் ஆயிடுச்சும்மா, இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்” என்றான். மறுபடியும் 9,250.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டாலே பணம் நம் கணக்கிலிருந்து போகிறது என்றுதான் அர்த்தம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பிசகாமல் சொல்பவன் அரசாங்க ஆள் இல்லாமல் வேறு யாராக இருப்பான் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. பொதுத்தேர்வு முடிவைப் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். அந்த இரண்டையும் நானேதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்கிக் காலைவரை இருந்துவிட்டேன். அதுதான் பெரிய தவறு. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930. அதற்கு உடனே அடித்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்தப் பார்ப்பார்கள். நான் கூப்பிட்டபோது 3,200 ரூபாய் மட்டும்தான் முடக்க முடிந்தது. உங்களுக்கு இப்படி நடந்தால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், முதல் போன் 1930க்குப் போகட்டும்.

அடுத்த வாரம் அந்த சென்டருக்குப் போனேன். “நீங்களே சைன் பண்ணியிருக்கீங்களே மேடம்” என்று என் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில், இங்கிலீஷில் ஒரு வரி: விவரங்களைப் பங்குதாரர் நிறுவனங்களுடன் பகிரச் சம்மதம் என்று. யார் அந்தப் பங்குதாரர்கள் என்று கேட்டேன். “அது இன்டர்னல் மேடம், வெளியில சொல்ல முடியாது.” என் மகளுடைய விவரம் யாரிடம் இருக்கிறது என்பது எனக்குச் சொல்லக்கூடாத ரகசியமாம்.

எங்கள் தெருவில் ஒரு வக்கீல் அண்ணன் இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்தபோதுதான் இதற்கு ஒரு சட்டமே இருப்பது தெரிந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். தனிநபர் விவரங்களைப் பாதுகாக்க 2019இல் ஒரு மசோதா வந்தது, 2022இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. அதிலும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிற முக்கியமான பகுதிகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வரும்.

அந்தச் சட்டம் இன்றைக்கே முழுதாக நடைமுறையில் இருந்திருந்தால் அந்தப் பொடி எழுத்து நின்றிருக்காது. எதற்காக விவரம் கேட்கிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். கேட்டால் தமிழிலும் தர வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையானதற்கு மட்டும்தான் சம்மதம் செல்லும். முக்கால் மணி நேரத் தேர்வுக்கு ஆண்டு வருமானம் எதற்கு? பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்டால் பெயரோடு சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுதி வாங்கிப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினாலும் இது பொருந்தும்.

ஆனாலும் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறார்கள். அது முழுவதும் அரசாங்கக் கஜானாவுக்குத்தான் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய்கூட இழப்பீடு கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு, அலட்சியமாக இருந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. அதையும் எடுத்துவிடுவதாகப் புதுச் சட்டம் சொல்கிறது. பறிகொடுத்தவளை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதை மாற்ற வேண்டும்.

இப்போதைக்கு எங்களுக்கு இருக்கிற வழி 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை, சட்டம் அனுமதிக்காதபோது இன்னொருவருக்குக் கொடுப்பது அதில் நியாயமற்ற வணிக நடைமுறை. வக்கீல் அண்ணன் முதலில் கேட்ட கேள்வி, “ரசீது இருக்காம்மா?” என்பதுதான். பணம் கொடுத்து வாங்கியவர்தான் அந்தச் சட்டத்தில் நுகர்வோர். அந்த 200 ரூபாய் ரசீது மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் கிடந்தது. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். பொடி எழுத்தைக் காட்டி அவர்கள் வாதாடுவார்கள். ஆடட்டும்.

பள்ளி வாசலில் படிவம் நீட்டுகிறவர்களிடம் பெயரும் ஒரு நம்பரும் தாண்டி எதையும் எழுதாதீர்கள். பதிவெண், எமிஸ் எண், வருமானம் எதுவும் வேண்டாம். கையெழுத்துக்கு மேலே இருக்கும் வரியைப் படித்துவிட்டு, பகிரச் சம்மதம் என்று இருந்தால் பேனாவால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அதை அப்படியே போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏப்ரல் கடைசி வாரம் அதே மண்டபத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் அந்த உதவித்தொகைப் போன் வந்திருந்தால், எனக்குச் செய்தி அனுப்புங்கள். ஒரே குறை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே புகாராகச் சேர்ந்து கொடுக்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டிருந்தாலும் பரவாயில்லை. ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த 200 ரூபாய் அதில் இன்னும் இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.